ராஜினாமாக் கடிதம் கேட்கிறார்கள்: மகன் என்ன செய்யலாம்?

மதிப்பிற்குரிய ஐயா,

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையொன்றில் மூன்றாண்டுகளாக வேலை பார்க்கும் உங்கள் மகனிடம், ஆர்டர் குறைந்துவிட்டது என்று காரணம் சொல்லி ராஜினாமாக் கடிதம் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்து என்ன படிக்கலாம் என்ற உங்கள் கேள்விக்கு முன், அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓராண்டில் 240 நாள் வேலை செய்த தொழிலாளியை நிர்வாகமே ஆட்குறைப்புச் செய்தால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குரிய ஊதியமோ தருவதுடன், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகவும் தர வேண்டும். தானாக விலகுவதாக எழுதிக் கொடுத்தவர் இதைக் கேட்க முடியாது. சம்பளச் சீட்டில் கம்பெனியின் பெயர் இருக்கிறதா, ஒப்பந்ததாரரின் பெயரா, 'டிரெய்னி' (பயிற்சியாளர்) என்று போட்டிருக்கிறதா என்று இன்றே பார்த்துவிட்டு (யாரிடம், என்ன கேட்கலாம் என்பது அதைப் பொறுத்தது), தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் அலுவலரையோ அணுகுங்கள்.

இந்தத் துறையே வேண்டாம், குரூப் 4 தேர்வுக்கு உட்காரட்டும் என்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. 2019 ஜூலையில் நாட்டில் பயணிகள் வாகன விற்பனை முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 31 சதவீதம் சரிந்தபோது, பாடி, அம்பத்தூர், ஓசூர் வட்டாரங்களில் பலருக்கு இதே அச்சம் இருந்தது. நிதி நிறுவனங்களிடம் கடன் கிடைக்காததும், 2020 ஏப்ரலில் வரவிருந்த பி.எஸ்.6 என்ற வாகனப் புகை விதியை எண்ணி வாங்குவோர் தயங்கியதும் அந்தச் சரிவுக்கான காரணங்களில் அடங்கும். அப்போது முதலில் வெளியே போனவர்கள் பெரும்பாலும் தற்காலிகத் தொழிலாளர்களே. விற்பனை பின்னர் மீண்டது.

ஆனால் மகன் எந்தப் பாகத்தைச் செய்கிறார் என்பதைக் கேளுங்கள். பிஸ்டன், எரிபொருள் பம்பு போன்றவை மின்வாகனத்துக்குத் தேவைப்படாதவை. பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் பாகங்கள் எந்த வண்டிக்கும் வேண்டும். முதல் வகை என்றால், இந்த இடைவெளியில் வேறு பக்கம் நகர்வது நல்லது.

அவருடைய பயோடேட்டாவில் 'சி.என்.சி. ஆபரேட்டர்' (கணினி வழி இயங்கும் கடைசல் போன்ற இயந்திரத்தை இயக்குபவர்) என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. இயந்திரத்தில் எந்தக் கன்ட்ரோல் (கட்டுப்பாட்டுக் கணினி), எந்தப் பாகம், எத்தனை மைக்ரான் டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கப்படும் வித்தியாசம்), செட்டிங் தானே போடுவாரா, புரோகிராமில் திருத்தம் செய்வாரா என்பதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். (மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தால் தடுமாறும் பொறியியல் பட்டதாரிகளை நான் பார்த்திருக்கிறேன்; உங்கள் மகன் அந்த ரகமல்லர்.) ஆபரேட்டராகவே இருப்பவர் புரோகிராமிங்கோ தர ஆய்வோ கற்றுக்கொண்டால் அடுத்த வேலை எளிதாகும். பட்டம்தான் வேண்டுமென்றால், டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஆனால் அதற்கு மூன்றாண்டுச் செலவை வீடு தாங்குமா என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

வெளியேற நேர்ந்தால், அனுபவச் சான்றிதழும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் கைக்கு வந்த பிறகே அடையாள அட்டையை ஒப்படைக்கட்டும்.