ஆறு வருடம் கழித்து வந்த கட்டிகள்

கேள்வி: எனக்கு வயது 36. ஆணுறுப்பு பருமனாக வேண்டும் என்று ஆறு வருடங்களுக்கு முன் திரவ சிலிகான் ஊசி போட்டுக்கொண்டேன். விறைப்பில் 13 சென்டிமீட்டர் இருந்தது. அதுவே குறை என்று நினைத்தேன். நான்கு வருடம் ஒன்றும் தெரியவில்லை. இப்போது தோலுக்கடியில் கெட்டியான கட்டிகள். முன்தோலைப் பின்னுக்குத் தள்ள முடியவில்லை. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. கட்டிகளை மருந்தால் கரைக்க முடியுமா? நீளமாக்கும் அறுவை செய்தால் வடிவம் சரியாகுமா?
— பெயர் வேண்டாம்

பதில்: கரையாது. பருமனாக்கப் போடும் ஹயலூரோனிக் அமிலம் என்ற ஜெல்லைப் போட்டிருந்தால் அதைக் கரைக்கும் ஊசி உண்டு, சிலிகானுக்குக் கிடையாது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு சுற்றிலும் தழும்புத் திசுவைக் கட்டிவிடுகிறது. நிணநீர் வடியும் வழி அடைபட்டு வீக்கமும் சேர்கிறது. இது வெளியே தெரியவே பல வருடம் ஆகலாம்.

தயவுசெய்து பிசையாதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் தினமும் இரவில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கட்டிகளை அழுத்திவந்தார். நான் பார்த்தபோது தோல் ஓரிடத்தில் கறுத்து, குண்டூசித் தலை அளவு துளையிலிருந்து பிசுபிசுப்பாக ஏதோ கசிந்துகொண்டிருந்தது. உங்களுக்கும் தோல் கறுத்தாலோ, புண், சீழ், காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் தடைபட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இல்லாவிட்டாலும் தள்ளிப்போடாமல் சிறுநீரகவியல் அறுவை நிபுணரைப் பாருங்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் சிலிகான் எதுவரை பரவியிருக்கிறது என்பது தெரியும். கெட்டுப்போன தோலையும் திசுவையும் அகற்றிவிட்டு, விதைப்பைத் தோலாலோ தொடையிலிருந்து எடுக்கும் மெல்லிய தோலாலோ மூடுவோம். பெரும்பாலும் சிலிகான் தோலுக்கடியிலேயே தங்கிவிடுவதால், விறைப்பைத் தரும் உள் திசுக்களைக் காப்பாற்ற முடிகிறது.

நீளமாக்கும் அறுவையை மறந்துவிடுங்கள். உறுப்பை இடுப்பெலும்போடு தாங்கிப் பிடிக்கும் நாரை வெட்டுவதுதான் அது. விறைப்பின்போது உறுப்பு நிலைகொள்ளாமல் ஆடலாம்; தழும்பு சுருங்கி முன்பைவிடக் குட்டையாகவும் ஆகலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்த 13 தான். 15,521 ஆண்களின் அளவுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில் விறைத்த நிலையின் சராசரி 13.12 சென்டிமீட்டர். உங்களுக்குக் குறையே இருக்கவில்லை. ஊசி போட்டவர் இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

மனைவியிடம் இந்த வாரமே சொல்லுங்கள். அறுவைக்குப் பின் சில வாரங்கள் உறவு கூடாது. கட்டு மாற்றவும் கூட ஆள் வேண்டும். அன்று என்ன போட்டார்கள் என்று எழுதிய சீட்டு இருந்தால் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.