ஒரு வாசம், ஒரு மூலக்கூறு: கேள்வி பதில்

கேள்வி: ஸ்பியர்மின்ட் (ஒரு புதினா வகை) வாசத்துக்கும் சதகுப்பை விதை வாசத்துக்கும் காரணம் ஒரே வேதிப்பொருளா?

பதில்: கார்வோன்தான், இரண்டிலும். அணு, பிணைப்பு, கொதிநிலை எல்லாம் அச்சு அசல் ஒன்றே, ஆனால் ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். மூக்கில் வாச மூலக்கூறுகளைப் பிடிக்கும் ஏற்பிகள் புரதங்கள், அவற்றுக்கும் இடம் வலம் உண்டு என்பதால் இடது கால் செருப்பை வலது காலில் மாட்டிய கதையாகிவிடும், வாசமும் மாறிவிடும். எல்லா ஜோடியிலும் இப்படி நடக்காது. லிமோனீன் என்ற வாசனைப்பொருளில் ஒரு வடிவம் ஆரஞ்சு, இன்னொன்று எலுமிச்சை என்று பாடப்புத்தகங்களே எழுதுகின்றன, அதை நம்பாதீர்கள். எலுமிச்சைத் தோலிலும் பெரும்பாலும் இருப்பது அந்த 'ஆரஞ்சு' வடிவம்தான், எலுமிச்சை மணம் சிட்ரால் என்ற வேறொரு பொருள் தருவது.

கேள்வி: ஓமமும் கற்பூரவல்லியும் ஏன் கிட்டத்தட்ட ஒரே மாதிரி மணக்கின்றன?

பதில்: ஓமத்தில் தைமால், கற்பூரவல்லியில் முக்கியமாகக் கார்வக்ரால். இரண்டுக்கும் C₁₀H₁₄O என்ற ஒரே வாய்பாடுதான், வளையத்தில் OH உட்காரும் இடம் மட்டும் வேறு. சரி, இடம் மாறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது போல என்று நினைத்தால் வனிலா வாசம் தரும் வனிலின் காலை வாரிவிடும்: அதில் OH-ஐயும் பக்கத்து மெத்தாக்ஸி (OCH₃) தொகுதியையும் இடம் மாற்றிப் போட்டால் கிடைக்கும் ஐசோவனிலினில் வாசமே அநேகமாக இல்லை.

கேள்வி: உப்பு, சர்க்கரை ஏன் மணப்பதில்லை?

பதில்: ஆவியாகி மூக்குக்கு வந்தால்தானே!

கேள்வி: கேஸ் சிலிண்டர் நாற்றம்?

பதில்: எத்தில் மெர்காப்டன். சாராயத்தில் உள்ள எத்தனாலில் ஆக்சிஜனை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வையுங்கள், அவ்வளவுதான். காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே தெரிந்துவிடும், எரிவாயுவுக்குச் சொந்த வாசம் இல்லாததால் கசிவு தெரியட்டும் என்று இதைக் கலக்கிறார்கள்.

கேள்வி: அப்போ மூலக்கூறின் படத்தைப் பார்த்தே வாசத்தைச் சொல்லிவிடலாமா சார்?

பதில்: ஓரளவுக்கு. சின்ன எஸ்டர் (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உருவாகும் பொருள்) என்றால் பழ வாசம் என்று துணிந்து சொல்லலாம், ஐசோஅமைல் அசிட்டேட் அப்படியே வாழைப்பழம். அதற்கு மேல் தடுமாற்றம்தான். பென்சால்டிஹைடும் ஹைட்ரஜன் சயனைடும் வடிவத்தில் ஒட்டுறவே இல்லாதவை, ஆனாலும் இரண்டுக்கும் கசப்பு வாதுமை வாசம் என்கிறார்கள் (இரண்டாவதை முகர்ந்து பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள், கொடிய விஷம்). 1991-இல் லிண்டா பக்கும் ரிச்சர்டு ஆக்சலும் வாசனை ஏற்பிகளின் மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள், 2004-இல் நோபல் கிடைத்தது. நமக்கு ஏறத்தாழ 400 வகை ஏற்பி, ஒரு மூலக்கூறு அவற்றில் பலவற்றை ஒரே நேரத்தில் தூண்டும், அந்தக் கூட்டணியைத்தான் மூளை வாசமாக உணர்கிறது. எனவே கட்டமைப்பு மட்டும் தெரிந்தால் போதாது, எந்த ஏற்பியெல்லாம் அதைப் பிடிக்கும் என்பதும் தெரிய வேண்டும்.