லைக்காவுக்கு நூறு: வாசகர் கேள்விகளும் நம்ம பதில்களும்

கேள்வி: 1925ல வந்த லைக்கா கேமராவுக்கு 2025ல நூறு வயசு ஆச்சு. இந்த மாதிரி பழம்பெரும் கேமரா கம்பெனியோட ஆண்டு விழாவ டிசைன் திருவிழாவுல கொண்டாடறதுல என்ன அர்த்தம் இருக்கு? நாற்காலி, விளக்கு, சோஃபா பாக்க வர்ற கூட்டத்துக்கு கேமரா எதுக்கு? நல்ல போட்டோ கண்காட்சி ஒண்ணு வச்சா போதாதா?

பதில்: போதாதுங்க. போட்டோ கண்காட்சிக்கு போனா நாம படத்த பாப்போம், எடுத்தவர் பேர படிப்போம், அந்த படத்த எடுக்க முடிஞ்சதுக்கு காரணமான பொருள் நம்ம கண்ணுல படவே படாது. டிசைன் திருவிழாவுலதான் பொருள நடுவுல வச்சு, இது ஏன் இந்த அளவுல இருக்கு, இந்த முனை ஏன் உருண்டையா இருக்கு, இந்த குமிழ் ஏன் இங்க இருக்குன்னு கேக்க முடியும். லைக்கா மாதிரி இந்த கேள்விக்கு அழகா பதில் சொல்ற பொருள் ரொம்ப கம்மி.

கதை இதுதான். ஜெர்மனியில வெட்ஸ்லார்னு ஒரு சின்ன ஊர், அங்க எர்ன்ஸ்ட் லைட்ஸ் கம்பெனி மைக்ராஸ்கோப் செஞ்சுட்டு இருந்துச்சு. 1911ல அங்க வேலைக்கு சேர்ந்தவர் ஆஸ்கர் பார்னாக். அவருக்கு ஆஸ்துமா, ஆனா காடு மலைன்னு நடந்து போட்டோ எடுக்கறதுல அவ்ளோ ஆசை. அந்த காலத்து கேமரான்னா 13க்கு 18 சென்டிமீட்டர் கண்ணாடி பிளேட், அத வைக்கற பெட்டி, ஸ்டாண்டுன்னு எல்லாத்தையும் தூக்கிட்டு மேடு ஏறணும், மூச்சு வாங்கற மனுஷன் என்ன பண்ணுவார், நெகட்டிவ் சின்னதா இருக்கட்டும் பிரிண்ட் போடும்போது பெருசாக்கிக்கலாம்னு யோசிச்சார். சினிமா ஃபிலிம் கையில இருந்துச்சு. சினிமாவுல அந்த 35 மி.மீ. ஃபிலிம் மேல இருந்து கீழ ஓடும், ஒரு ஃபிரேம் 18க்கு 24 மி.மீ. பார்னாக் அத பக்கவாட்டுல ஓட விட்டார், ரெண்டு ஃபிரேம் இடத்த ஒரு ஃபிரேமுக்கு எடுத்துக்கிட்டார், 24க்கு 36 ஆச்சு. 1914லயே மாதிரிக்குன்னு ஒரு கேமரா தயார். ஃபிலிம் ரோல் ரெண்டு பக்கமும் சுத்தி நிக்கணும், அதனாலதான் கேமராவோட ரெண்டு ஓரமும் உருண்டை. அழகுக்காக யாரும் அத உருட்டல, உள்ள இருக்கற ரோல் உருண்டையா இருக்கறதால வெளியவும் அப்படி வந்துச்சு, அதுவே உள்ளங்கையில பொருந்தியும் போச்சு. எனக்கு டிசைன்னா இதுதான், இத சொல்லாம வெறும் லைக்காவோட சிவப்பு புள்ளி லோகோவ பெருசா மாட்டி வச்சா அது விளம்பரம் மட்டும்தான்.

கேள்வி: 1914லயே கேமரா ரெடின்னா நூறு வருஷத்த 1925ல இருந்து ஏன் கணக்கு பண்றாங்க?

பதில்: 1914ல இருந்தது பார்னாக் கையில இருந்த மாதிரி கேமரா மட்டும். நடுவுல முதல் உலகப்போர், அப்புறம் ஜெர்மனியில பணம் காகிதமா போன விலைவாசி காலம். 1923ல சோதனைக்குன்னு இருபதுக்கு கொஞ்சம் மேல கேமரா செஞ்சாங்க, 0 சீரிஸ்னு சொல்வாங்க. 1924ல கம்பெனி முதலாளி ரெண்டாவது எர்ன்ஸ்ட் லைட்ஸ் எல்லாரையும் உட்கார வச்சு பேசினார், வேணாம்னு சொன்னவங்களும் இருந்தாங்க, கடைசியில ரிஸ்க் எடுக்கலாம்னு அவரே முடிவு பண்ணார். 1925ல ஜெர்மனியோட லைப்ஸிக் ஊர்ல நடந்த வசந்தகால சந்தையில கேமரா வெளிய வந்துச்சு. லைட்ஸ், கேமரா, இந்த ரெண்டு சொல்லோட முதல் எழுத்துகள சேர்த்து லைக்கா. மக்கள் கைக்கு வந்த வருஷத்தத்தான் பொறந்த வருஷமா வைக்கறது எனக்கு சரின்னு படுது.

கேள்வி: கண்ணாடி பெட்டிக்குள்ள ஒரு பழைய கேமரா, பக்கத்துல ஒரு பலகை. பத்து நிமிஷத்துல பாத்து முடிச்சிடலாம். இந்த மாதிரி கண்காட்சியில எத கவனிக்கணும்?

பதில்: உங்க வருத்தம் நியாயமானது, கேமராவ கண்ணாடிக்குள்ள வைக்கறது வீணைய பூட்டி வைக்கற மாதிரி. ஒரு பழைய மாடலாவது ஜனங்க கையில எடுத்து, குமிழ திருகி, பட்டன அமுக்கி, வெளிச்சத்த திறந்து மூடற அந்த துணி ஷட்டர் ஓடற மெல்லிய சத்தத்த கேக்கணும், விழா நடத்தறவங்க இத செஞ்சே ஆகணும்னு நான் நினைக்கறேன். அந்த குமிழ திருகினா மூணு வேலை ஒரே நேரத்துல நடக்கும், ஃபிலிம் ஒரு ஃபிரேம் நகரும், ஷட்டர் இழுபட்டு தயாராகும், எத்தனாவது படம்னு காட்டற எண்ணும் ஒண்ணு மாறும். ஒரே ஃபிரேம்ல ரெண்டு படம் தவறி விழற பிரச்சினை இதனாலயே போச்சு.

கண்ணாடிக்குள்ளதான் வச்சிருக்காங்கன்னா லென்ஸ பாருங்க. மாக்ஸ் பெரெக் வடிவமைச்ச 50 மி.மீ. எஃப் 3.5 லென்ஸ், இழுத்து திருப்பினா வெளிய நிக்கும், வேலை முடிஞ்சா உள்ள தள்ளிடலாம், கோட் பாக்கெட்ல போற கேமரான்னு சொல்ல இதுதான் காரணம். மேல ஒரு சின்ன தகடு இருக்கும், தூரம் அளக்கற கருவிய தனியா அதுல மாட்டிக்கணும், ஏன்னா முதல் மாடல்ல ஃபோகஸ் சரியான்னு காட்ட உள்ள எதுவும் கிடையாது. 1932ல அந்த ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்குள்ளயே வந்துச்சு, 1954ல லைக்கா எம்3ங்கற மாடல் வந்தப்போ பாக்கறதும் ஃபோகஸ் பண்றதும் ஒரே ஜன்னல்ல சேர்ந்துச்சு. முதல் மாடலையும் எம்3யையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருந்தா கொஞ்ச நேரம் அங்கயே நில்லுங்க, முப்பது வருஷமா ஒரு பொருள எப்படி பொறுமையா செதுக்கினாங்கன்னு தெரியும்.

கேள்வி: 2022ல ஒரு பழைய லைக்கா 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்கு ஏலம் போச்சே. இது பணக்காரங்க பொம்மைதானே, எதுக்கு நாம கொண்டாடணும்?

பதில்: அந்த கேமரா 0 சீரிஸ் 105ஆம் நம்பர், பார்னாக் தானே வச்சிருந்தது, அவர் பேரும் அதுல பொறிச்சிருக்கு. அந்த விலைய பத்தி எனக்கு எந்த சந்தோஷமும் இல்ல, ஒரு விழா விலைய முன்னாடி வச்சு பேசினா நூறு வருஷத்த பத்தி ஒண்ணுமே சொல்லலன்னு அர்த்தம். எளிய மனுஷங்க நடமாடற தெருவுக்குள்ள கேமரா போக முடிஞ்சதுக்கு காரணம் இந்த சின்ன பெட்டிதான். பிரெஞ்சு போட்டோகிராஃபர் கார்த்தியே பிரெஸான் 1930கள்ல இத கையில எடுத்தார், பளபளன்னு தெரியாம இருக்க கறுப்பு டேப் ஒட்டிக்கிட்டு கூட்டத்துல கலந்து நின்னார், 1948 ஜனவரி 30 அன்னிக்கு காந்தி சுடப்படறதுக்கு கொஞ்ச நேரம் முன்னாடி அவர சந்திச்சுட்டு வந்தவர், அதுக்கப்புறம் டெல்லி அழுத அழுகைய உலகத்துக்கு காட்டினவர். ஸ்டாண்டு போட்டு கறுப்பு துணிக்குள்ள தலைய விட்டு எடுக்கற காலமா இருந்தா அந்த கூட்ட நெரிசல் படங்கள் நமக்கு கிடைச்சிருக்காது.

கேள்வி: ஹிட்லர் காலத்துல இந்த கம்பெனி என்ன பண்ணுச்சு? கொண்டாட்டத்துல அத பேசலாமா?

பதில்: கண்டிப்பா பேசணும், ரெண்டு பக்கத்தையும் பேசணும். ரெண்டாவது எர்ன்ஸ்ட் லைட்ஸ் 1938, 39 சமயத்துல யூத ஊழியர்களையும் அவங்க குடும்பத்தையும் வெளிநாட்டு கிளைகளுக்கு வேலைக்கு அனுப்பறதா சொல்லி நாட்ட விட்டு தப்பிக்க வச்சார், பல பேர் நியூயார்க் போய் சேர்ந்தாங்க. அவரோட மகள் எல்சிய, ஒரு யூதப் பெண் எல்லை தாண்ட உதவினதுக்காக, 1943ல கெஸ்டபோங்கற நாஜி ரகசிய போலீஸ் பிடிச்சு சிறையில போட்டுச்சு. அதே தொழிற்சாலைதான் ஜெர்மன் ராணுவத்துக்கும் கருவிகள் செஞ்சு குடுத்துச்சு, உக்ரைன்ல இருந்து பிடிச்சு கொண்டு வந்த பெண்கள அங்க கட்டாய வேலை வாங்கினாங்க. முதல் பாதிய மட்டும் சொல்லி கைதட்டு வாங்கற விழா அந்த பெண்களுக்கு அநியாயம் பண்ணுது.

கேள்வி: இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்கு. ஃபிலிம் கேமராவோட நூறு வருஷம் என் பொண்ணு மாதிரி பதினஞ்சு வயசு பிள்ளைக்கு என்ன சொல்லும்? கூட்டிட்டு போகலாமா?

பதில்: கூட்டிட்டு போங்க. இன்னிக்கு டிஜிட்டல் கேமராவுல ஃபுல் ஃபிரேம்னு சொல்றாங்களே, அந்த சென்சார் அளவு 24க்கு 36 மி.மீ., பார்னாக் சினிமா ஃபிலிம சாய்ச்சு போட்டு வச்ச அதே அளவு. சென்சார்ல ஃபிலிமும் இல்ல, ஃபிலிம் ஓரத்துல இருக்கற ஓட்டையும் இல்ல, அளவு மட்டும் அப்படியே நிக்குது. 1954 எம்3க்கு செஞ்ச லென்ஸ இன்னிக்கு வர்ற எம் சீரிஸ் டிஜிட்டல் கேமராவுல மாட்டி படம் எடுக்கலாம், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போன மாத்தற பிள்ளைக்கு இத சொல்லி பாருங்க, அவளே கேள்வி கேக்க ஆரம்பிப்பா.

அப்புறம் ஒண்ணு, 1920ல வெட்ஸ்லார்ல வெள்ளம் வந்தப்போ பார்னாக் தன்னோட சின்ன கேமராவோட போய் எடுத்த படங்கள் இருக்கு. கண்காட்சியில அது இருந்தா முதல்ல அத காட்டுங்க. தெருவுல தண்ணி ஓடுது, ஜனங்க நிக்கறாங்க. விற்பனைக்கு வர இன்னும் அஞ்சு வருஷம் இருக்கற ஒரு கேமராவோட, மூச்சு வாங்கற ஒருத்தர் தன்னோட ஊருக்கு என்ன ஆச்சுன்னு பாக்க வெளிய வந்திருக்கார். போன எடுத்துட்டு மழைய படம் பிடிக்க வாசலுக்கு ஓடற உங்க பொண்ணுக்கு அவர உடனே புரியும்.