வான்வெளிப் பொறியியல் படித்தால் விமானம் ரிப்பேர் செய்யும் வேலைதானா?

பினாங்கு நிபோங் திபால் தோட்டத்துத் தம்பி ஒருவரின் கேள்வி: எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்தாயிற்று, வான்வெளிப் பொறியியல் எடுத்தால் விமானம் ரிப்பேர் செய்யும் வேலைதான் கிடைக்குமா?

இல்லை, தம்பி. ரிப்பேர் முடித்துக் கையெழுத்துப் போடத் தனி உரிமம் வேண்டும், அதன் பயிற்சிப் பாதையே வேறு. இந்தப் பட்டம் நான்கு வருடம், பெரும்பாலும் கணக்கு: காற்றியக்கவியல் (காற்று எப்படி ஓடுகிறது என்பது), கட்டமைப்பு, உந்துவிசை (இயந்திரம் விமானத்தை முன்னே தள்ளுவது), பறப்புக் கட்டுப்பாடு.

இறக்கைக்கு மேலும் கீழும் போகும் காற்று ஒரே நேரத்தில் பின்முனைக்கு வந்து சேரும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். அது தப்பு. மேலே போகும் காற்று முந்திக்கொண்டு வந்துவிடும். இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, அதன் எதிர்விசைதான் விமானத்தைத் தூக்குகிறது. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் மாறாமல் வேகம் இரண்டு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்கு. இதையெல்லாம் காற்றுச் சுரங்கத்தில் (மாதிரி இறக்கைமேல் காற்றை வீசிச் சோதிக்கும் கூண்டு) அளந்து பார்க்கும்போது படிப்பு ருசிக்க ஆரம்பிக்கும்.

கூடுதல் கணிதமும் பௌதிகமும் சுமார்தான் என்றால், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் படிப்பிலேயே சரி பண்ணிவிடுங்கள்.

எங்கே படிப்பது? யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமே உங்கள் ஊரில்தானே இருக்கிறது, இந்தத் துறையும் அங்கேயே! செர்டாங்கில் உள்ள யூ.பி.எம். பல்கலைக்கழகத்திலும் உண்டு. அப்புறம் வேலை: மலாக்காவில் சி.டி.ஆர்.எம். என்ற நிறுவனம் ஏர்பஸ் விமானங்களுக்கு இறக்கைப் பாகங்கள் செய்கிறது, அந்த மாதிரி இடங்களையும் பாருங்கள்.