செட்ட மாத்த முதல் ஏரியலப் பாருங்க: பழைய காரில ரேடியோ இரையுறதுக்கு வைத்தியம்

களுவாஞ்சிகுடியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அவர்ட கார் 1998ம் ஆண்டு கொரோலா 110, வேலை அம்பாறையில, தினமும் ஓட்டம். காரோட வந்த ஜப்பான் செட்தான் இன்னும் கிடக்கு, ஏரியல் முன் தூணுக்குள்ள இருந்து கையால இழுத்து விடுற சாதி. கல்முனை வரைக்கும் பாட்டு ஓரளவுக்குக் கேக்குமாம், காரைதீவுச் சந்தியால திரும்பி சம்மாந்துறை வயல் பக்கம் போகப்போக உஸ் எண்டு இரைச்சல் மட்டும்தான், அதோட எக்ஸிலேட்டர அமத்த அமத்த கீச்செண்டு ஒரு சத்தமும் கூடிக்கொண்டு வருதாம். கராஜில கேட்டதுக்கு "செட் பழசு, கழட்டி வீசிப்போட்டு அண்ட்ரோயிட் ப்ளேயர் ஒண்டு போடுங்க" எண்டு சொல்லியிருக்காங்க. போடவா வேணாமா எண்டுதான் கேள்வி.

இப்போதைக்குப் போடாதீங்க தம்பி. நான் இருபது வருசமா வாகன வயரிங் வேலை செய்யிறன், ரேடியோ எடுக்குதில்ல எண்டு வாற கார்கள்ள செட் உண்மையாவே செத்துப் போனது குறைவு, முக்கால்வாசி பழுது ஏரியல் பக்கம்தான். செட்டுக்குள்ள ஸ்டேஷன் பிடிக்கிற ட்யூனர் டாஷ்போட்டுக்குள்ள காத்து மழை படாம சொகுசா இருக்கும், ஏரியல்தான் வெயில் மழை உப்புக்காத்து எல்லாத்தையும் தாங்கிக்கொண்டு வெளியில நிக்கிது, மறுகா எது முதல்ல பழுதாகும்? இன்னொண்டு, இந்த ஜப்பான் செட்டுகளுக்குள்ள இருக்கிற ட்யூனர் நல்ல சாமான், விலை குறைஞ்ச அண்ட்ரோயிட் ப்ளேயர்ல திரை பெரிசா இருக்கும், படம் ஓடும், ஆனா ரேடியோ எடுக்கிற திறமையில பழைய செட்டுக்குக் கிட்டவும் வராத கனக்கச் சாமான் நான் மாட்டிக் குடுத்திருக்கன், ஏரியல் பழுதோட அதப் போட்டா இப்ப கேக்கிறதும் கேக்காமப் போயிரும்.

முதல் சோதனைக்குக் காசே வேணாம். செட்ட ஃப்ரேமோட கொஞ்சம் முன்னால இழுத்தா பின்னுக்கு ஏரியல் ப்ளக் இருக்கும், தடிச்ச கறுப்பு வயர் நுனியில ஒத்தைக் குத்தூசி மாதிரி. செட்டுக்கும் அதுக்கும் நடுவில தீப்பெட்டி அளவில ஒரு பெட்டி இருந்தா (அது பேண்ட் எக்ஸ்பாண்டர், கீழ சொல்லுறன்), அந்தப் பெட்டியில குத்தியிருக்கிற ஏரியல் ப்ளக்கத்தான் சொல்லுறன். கொஞ்சம் இரைச்சலோட வாற ஒரு ஸ்டேஷனப் போட்டுட்டு அந்த ப்ளக்கக் கழட்டிப் பாருங்க. கழட்டினதும் பாட்டு அப்பிடியே செத்துப் போனா ஏரியல் ஏதோ கொஞ்சமாவது வேலை செய்யிது. கழட்டியும் ஒரு வித்தியாசமும் இல்லையெண்டா இவ்வளவு நாளும் நீங்க ஏரியல் இல்லாமத்தான் ரேடியோ கேட்டிருக்கீங்க. பிறகு 75 சென்ரிமீற்றர் நீளத்துக்கு சாதாரண வயர் ஒண்ட எடுத்து நுனியச் சீவி, அந்த ப்ளக் இருந்த ஓட்டையில நடுவில செருகி, மத்த நுனிய ஷட்டருக்கு வெளியில தொங்க விடுங்க, அந்த வயர் உங்கட ஏரியல விட நல்லா எடுத்தா செட்டில பிழை இல்ல, வழக்கு முடிஞ்சிது.

ஏன் 75? எஃப்.எம். 100 மெகாஹெர்ட்ஸில ஒரு அலையின்ட நீளம் 3 மீற்றர், அதில காவாசிதான் 75 சென்ரிமீற்றர், இழுத்து விடுற ஏரியல் கம்பிக்கு ஏத்த நீளமும் அந்தக் கணக்குத்தான். அதால ஏரியல அரைவாசி இழுத்து வெச்சிக்கொண்டு எடுக்குதில்ல எண்டா அதில ஞாயம் இல்ல, நுனி வரைக்கும் இழுத்து விடுங்க. மாங்கொப்பில தட்டி முறிஞ்ச கம்பிக்கு சைக்கிள் கம்பி சொருகி ஓடுற ஆக்களும் இருக்காங்க, நீளம் சரியா இருந்து தொடுப்பும் நல்லா இருந்தா அதுவும் எடுக்கத்தான் செய்யும், நான் சிரிக்க மாட்டன்.

ஆனா கம்பி பாதி ஏரியல்தான், மத்தப் பாதி கார்ட பொடி, அதாவது இரும்பு உடம்பு. இதத்தான் கனபேருக்கு விளங்குறல்ல. ஏரியல் வயருக்குள்ள ரெண்டு பாதை இருக்கு, நடு வயர் கம்பியில இருந்து வாறது, அதச் சுத்தி இருக்கிற வலை ஏரியல் அடியில பொடியோட ஏர்த் ஆகியிருக்க வேணும். அந்த ஏர்த் விட்டுப் போனா கம்பி புத்தம் புதுசா இருந்தாலும் சிக்னல் அரைகுறைதான், அதோட எஞ்சின் சத்தமெல்லாம் உள்ளுக்கு வரும். எங்கட கரையில, கல்லடி காத்தான்குடி தொடக்கம் நிந்தவூர் அக்கரைப்பற்று வரைக்கும், கடலுக்குக் கிட்ட நிக்கிற வாகனங்களில இது வராம விடாது, உப்புக்காத்து ஏரியல் அடியில இருக்கிற ஸ்க்ரூவுக்குக் கீழ மெல்லிசா துரு ஏத்திரும், மேலால பாத்தா ஒண்டும் தெரியாது. மறுகா டிங்கர் வேலை செஞ்சி பெயின்ட் அடிச்ச கார் எண்டா இன்னும் மோசம், பெயின்டுக்கு மேலயே ஏரியல வெச்சி முறுக்கி விட்டிருப்பாங்க.

மல்ட்டிமீற்றர் ஒண்டு இரவலா எடுத்தா கண்டுபிடிக்கிறது அஞ்சு நிமிச வேலை. ப்ளக் செட்டில இருந்து கழண்டே இருக்க வேணும், இது முக்கியம், ஏனெண்டா மாட்டியிருந்தா செட்டின்ட ஏர்த் வழியா மீற்றர் சரியெண்டு பொய் சொல்லும். ப்ளக் நடுக்குத்துக்கும் ஏரியல் கம்பி நுனிக்கும் வெச்சா பீப் அடிக்க வேணும். நடுக்குத்துக்கும் வெளி வளையத்துக்கும் வெச்சா பீப் அடிக்கக் கூடாது, அடிச்சா வயருக்குள்ள தண்ணி போயோ நசிஞ்சோ ஷோர்ட். வெளி வளையத்துக்கும் கார் பொடிக்கும் வெச்சா ஒரு ஓம்முக்குக் குறைவாக் காட்ட வேணும், பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில தொட்டுப் பாருங்க. உங்கட காரில இந்த மூண்டாவதுதான் பிழைக்கும் எண்டு நினைக்கிறன், இரைச்சலும் கீச்சுச் சத்தமும் சேந்து வாறதப் பாத்தா அப்பிடித்தான் தெரியுது.

திருத்துறதும் லேசு. ஏரியல் அடி ஸ்க்ரூவக் கழட்டி மெல்லமா இழுங்க, முழுக்க வெளியில எடுக்கிறதா இருந்தா உள்ளுக்க இருக்கிற ப்ளக் நுனியில ஒரு நூலக் கட்டிட்டு இழுங்க, அந்த நூல் தூணுக்குள்ளால வந்து கிடந்தாத்தான் திரும்ப வயர உள்ளுக்கு இழுக்கலாம், நான் பழகின புதுசில நூல் கட்டாம இழுத்துப்போட்டு ஒரு பின்னேரம் முழுக்க டாஷ்போட்டுக்குக் கீழ தலைகீழாக் கிடந்தன். ஏரியல் அடி பொடியில படுற இடத்த மெல்லிய மணல்பேப்பரால வெள்ளி மாதிரி மினுங்குமட்டும் தேயுங்க, ஸ்க்ரூவையும் தேயுங்க, இறுக்கி முடிஞ்ச பிறகு வெளியால வாஸ்லின் பூசி விடுங்க, முதல்லயே பூசினா அது தொடுப்புக்கு நடுவில போய் நிண்டுரும். கம்பியின்ட மூட்டுகளையும் துணியால நல்லாத் துடைங்க. வயர் உள்ளுக்க பச்சையாப் பூத்திருந்தா தேய்ச்சிப் பிரயோசனம் இல்ல, ஏரியலோட சேத்து மாத்துங்க. அந்த வயருக்குப் பதிலா வீட்டு டீ.வி. வயர வெட்டிப் போடச் சொல்லுவாங்க, எஃப்.எம். எடுக்கும், ஆனா ஏ.எம். படுத்திரும், கார் ஏரியல் வயர் ஏ.எம்.முக்கெண்டே கெப்பாசிட்டன்ஸ் குறைவாச் செஞ்சது.

இப்ப ஜப்பான் செட்டின்ட கதைக்கு வாறன். ஜப்பான்ல எஃப்.எம். எண்டது அந்தக் காலத்தில 76ல இருந்து 90 மெகாஹெர்ட்ஸ், எங்கட நாட்டில 87.5ல இருந்து 108. அதால உங்கட செட்டுக்கும் ஏரியலுக்கும் நடுவில தீப்பெட்டி அளவில ஒரு பேண்ட் எக்ஸ்பாண்டர் இருக்கும், அது மேல இருக்கிற ஸ்டேஷனக் கீழ இறக்கிக் குடுக்கும். எவ்வளவு இறக்கும் எண்டது சாமானுக்குச் சாமான் வேற. 14 இறக்கிறது எண்டா 90ல இருந்து 104 வரைக்கும்தான் உங்களுக்குக் கிடைக்கும், 104க்கு மேல உள்ள ஸ்டேஷன் தலைகீழா நிண்டாலும் வராது. 20 இறக்கிறது எண்டா 96க்கு மேல எல்லாம் வரும், அதுக்குக் கீழ உள்ளது போச்சு. உங்களிட்ட இருக்கிறது எது எண்டு அறிய, வீட்டு ரேடியோவில ஒரு ஸ்டேஷன் எந்த நம்பர்ல வருது, காரில அதே ஸ்டேஷன் எந்த நம்பர்ல வருது எண்டு கழிச்சிப் பாருங்க, வீட்டில 103.6 காரில 83.6 எண்டா உங்களிட்ட 20. விருப்பமான ஸ்டேஷன் வராததுக்கு ஏரியலத் திட்டிக்கொண்டு இருந்தவங்க கனபேருக்கு உண்மையான காரணம் இந்தக் கழித்தல் கணக்குத்தான். எக்ஸ்பாண்டருக்கு 12 வோல்ட் சிவப்பு வயரும் ஏர்த் வயரும் போகும், சும்மா முறுக்கி டேப் சுத்தின தொடுப்பு எண்டா குலுக்கத்தில விட்டு விட்டு எடுக்கும், ஈயம் வெச்சி ஒட்டுங்க. மலிஞ்ச எக்ஸ்பாண்டர் தானும் கொஞ்சம் இரைச்சல் சேக்கும், ஏரியல் சரியாகியும் இரைஞ்சா செட்ட மாத்த முதல் இத மாத்திப் பாருங்க.

கீச்சுச் சத்தத்துக்கு ஒரு சின்ன வித்தை இருக்கு. எஞ்சின ஸ்டார்ட்டில விட்டு, சத்தம் வரக்குள்ள ஏரியல் ப்ளக்கக் கழட்டுங்க. கழட்டினதும் கீச்சு நிண்டா அது ஏரியல் வழியா வருது, ஏர்த்தச் சரி செஞ்சாலே அரைவாசிக்கு மேல போயிரும். கழட்டியும் கீச்சு நிக்கல்லையெண்டா அது செட்டுக்குப் போற கரண்ட் வயர் வழியா வாற ஓல்டனேட்டர் (பெற்றரிய சார்ஜ் பண்ணுற சாமான்) சத்தம், செட்டின்ட கறுப்பு ஏர்த் வயர நல்ல இடத்தில பொடியில பிடிச்சி விட்டுப் பாருங்க, பிறகும் நிக்கல்லையெண்டா செட்டின்ட மெயின் வயர்ல நொய்ஸ் ஃபில்டர் ஒண்டு போடுங்க, ஓல்டனேட்டரையும் ஒருக்காச் செக் பண்ணுங்க. கீச்சா இல்லாம டக் டக் டக் எண்டு எஞ்சின் ஓட்டத்தோட வெடிக்கிற மாதிரி வந்தா அது ஸ்பார்க் ப்ளக் சுடுற சத்தம். ஸ்பார்க் ப்ளக் நம்பர்ல, இந்த இரைச்சல அமத்துற ரெசிஸ்டருக்கு ஆர் எண்ட எழுத்து இருக்கும், என்.ஜி.கே. பி.கே.ஆர்.5 எண்டு வாறது அதான், யாரும் ஆர் இல்லாத ப்ளக்கப் போட்டுட்டாங்களோ, ப்ளக் வயர் வெடிச்சிருக்கோ எண்டு பாருங்க.

இதெல்லாம் பாக்க முதல் சிகரெட் லைட்டர்ல குத்தியிருக்கிற போன் சார்ஜரக் கழட்டுங்க! இப்ப வாற கேசுகள்ள பத்துக்கு ரெண்டு மூண்டு இதுதான், எனக்கே வெக்கமா இருக்கும் காசு கேக்க. மலிஞ்ச சார்ஜர், டேஷ் கேமரா, எல்.இ.டி. ஹெட்லைட் எல்லாத்துக்குள்ளயும் வேகமா ஸ்விட்ச் ஆகிற சேர்க்கிட் இருக்கு, அது எஃப்.எம். பேண்டுக்குள்ளயே இரையும். ஒவ்வொண்டா நிப்பாட்டிப் பாத்தா ஆரு குத்தவாளி எண்டு தெரிஞ்சிரும்.

மறுகாலும் அண்ட்ரோயிட் ப்ளேயர் ஆசை விடல்ல எண்டா போடுங்க, ஆனா ரெண்டு விசயம். ஒண்டு, செட்டிங்ல ரேடியோ ஏரியா எண்டு ஒண்டு இருக்கும், அது அமெரிக்கா எண்டு கிடந்தா 0.2 பாய்ச்சல்ல 101.1, 101.3, 101.5 எண்டு ஒத்தை நம்பர்ல மட்டும்தான் நிக்கும், 101.4ல இருக்கிற ஸ்டேஷன் ஓரத்தால இரைஞ்சுகொண்டுதான் வரும், ஏசியா அல்லது யூரோப்புக்கு மாத்துங்க. ஜப்பான் எண்டு கிடந்தா சொல்லத் தேவையில்ல. புதுச் செட்டுக்கு 108 வரைக்கும் தானே போகும், எக்ஸ்பாண்டரக் கழட்டிருங்க, கழட்டாம நேரா மாட்டி விட்டு "புது செட்டும் சரியில்ல" எண்டு வந்தவங்க இருக்காங்க. ரெண்டாவது உங்களுக்கு இல்ல, பின்கண்ணாடிக்குள்ள கோடு கோடா ஏரியல் இருக்கிற கார் வெச்சிருக்கிறவங்களுக்கு. அந்த வகைக்குக் கண்ணாடி ஓரத்தில குட்டி அம்ப்ளிஃபையர் ஒண்டு இருக்கும், அதுக்கு 12 வோல்ட் செட்டில இருந்துதான் போக வேணும், புதுச் செட்டின்ட நீல வயர அதுக்குக் குடுக்க மறந்தா ஸ்டேஷன் எல்லாம் ஒரேயடியாச் செத்த மாதிரித்தான். கண்ணாடிக்கு உலோகம் கலந்த டின்ட் ஒட்டினாலும் இப்பிடித்தான் ஆகும்.

பூஸ்டர் வாங்கவா எண்டு அடுத்த மாசம் கேப்பீங்க. ஏர்த் சரியில்லாம பூஸ்டர் போட்டா இரைச்சலும் சேந்துதான் பெருக்கும், அதோட அது ஏரியல் அடிக்குக் கிட்ட இருக்க வேணும், செட்டுக்குப் பின்னால செருகி வயர் முழுக்கச் சேந்த குப்பையப் பெருக்கி ஒரு பிரயோசனமும் இல்ல. கூரையில ஒட்டுற சுறாச்செட்டையும் அப்பிடித்தான், உள்ளுக்கு வயர் போகாத சாமான் வெறும் அழகுக்கு.

ஏ.எம். கேக்கிற வயசான ஆக்களுக்கும் ஒரு வார்த்தை. சில பழைய செட்டுகளில ஏரியல் ஓட்டைக்குப் பக்கத்தில குட்டி ஸ்க்ரூ ஒண்டு இருக்கும், ஏரியல் மாத்தினா 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மெல்லமாக் கேக்கிற ஒரு ஸ்டேஷனையோ, அதுவும் இல்லையெண்டா சும்மா இரைச்சலையோ வெச்சி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி சத்தம் கூடுற இடத்தில விட வேணும். பழைய கல்லடி இரும்புப் பாலத்துக்குள்ளால கார் போன காலத்தில மத்திய அலை (ஏ.எம்.தான்) பாலத்துக்குள்ள நுழைஞ்சதும் அமந்து போகும், வெளிக்கிட்டதும் திரும்ப வரும், அது செட்டில பிழை இல்ல, நூத்துக்கணக்கான மீற்றர் நீள அலை அந்த இரும்புக் கூட்டுக்குள்ள வராது. எஃப்.எம். அலை 3 மீற்றர் எண்டபடியா தப்பிப் பிழைச்சிரும். அதே மாதிரி சந்தியில நிக்கக்குள்ள பாட்டு கரகரத்து, கார ஒரு முழம் முன்னால எடுத்ததும் தெளிஞ்சா அதுவும் பழுதில்ல, சுவரில பட்டு வாற அலையும் நேரா வாற அலையும் அடிபடுறது.

அம்பாறை றோட்டுக்கு இன்னொண்டு. ஒரே ஸ்டேஷன் பிரதேசத்துக்குப் பிரதேசம் வேற நம்பர்ல ஒலிபரப்பும், கல்முனையில பிடிச்ச நம்பரையே அம்பாறை வரைக்கும் வெச்சிருக்காம அங்க போய் ஒருக்கா ஸ்கேன் பண்ணிப் பாருங்க, செட்டில லோக்கல் எண்ட லைட் எரிஞ்சா அதையும் நிப்பாட்டுங்க, அது எரிஞ்சா ஸ்கேன் மெல்லிய ஸ்டேஷன் எல்லாத்தையும் தாண்டிப் போயிரும்.

ஞாயித்துக்கிழமை காலையில சார்ஜரக் கழட்டுறதில தொடங்குங்க தம்பி, பிறகு ப்ளக் சோதனை, பிறகு மீற்றர். ப்ளக் கழட்டக்குள்ள கீச்சு நிண்டதா நிக்கல்லயா எண்டத மட்டும் எழுதி விடுங்க, நிக்கல்ல எண்டா ஓல்டனேட்டர் பக்கம் என்ன பாக்கிறது எண்டு விபரமாச் சொல்லுறன்.