மகளுக்கு ஆன்கோஜீன் மேல் ஆசை: எந்தப் பட்டம், என்ன வேலை?

உங்கள் கடிதத்தில் கேள்விகள் பல இருந்தாலும் கவலை ஒன்றுதான். டாக்டருக்குப் படி என்றால், புற்றுநோயை உண்டாக்கும் மரபணுவை ஆராயப் போகிறேன் என்கிறாள் மகள். அதை வைத்துக்கொண்டு பிழைக்க முடியுமா? முடியும். ஆனால் ஒரே மரபணுவைச் சுற்றி நாலைந்து விதமான வேலைகள் இருக்கின்றன. அதில் எது அவளுக்கு ஒத்துவரும் என்று பார்க்காமல் பட்டத்தின் பெயரைப் பார்த்துச் சேர்ப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

அவள் எதில் மயங்கியிருக்கிறாள் என்பதை நீங்களும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுச் சண்டை பாதி அங்கேயே தீரும். செல் எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும் என்பதற்கு வெளியிலிருந்து செய்தி வரும். அந்தச் செய்தியை உள்ளே கடத்தும் புரதங்களுக்கான மரபணுக்கள் நம் எல்லோரிடமும் உண்டு. அவை இல்லாவிட்டால் கரு வளராது, காயம் ஆறாது. இவற்றுக்குப் புரோட்டோ ஆன்கோஜீன் என்று பெயர். அதில் பழுது விழுந்து, செய்தி வராமலேயே ‘பிரி, பிரி’ என்று விரட்ட ஆரம்பித்தால் அது ஆன்கோஜீன். காலிங் பெல் பட்டன் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டால், வாசலில் ஆளே இல்லாமல் மணி அடித்துக்கொண்டிருக்குமே, அதே கதைதான்.

ராஸ் என்ற மரபணு இதற்கு நல்ல உதாரணம். ராஸ் புரதம் ஒரு சிறு மூலக்கூறைப் பிடித்திருக்கும்வரை வேலை செய்யும். அதை வெட்டியதும் ஓய்ந்துவிடும். 1982-ல் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்களில் பார்த்தபோது, டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறி, புரதத்தின் 12-வது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற இன்னொன்று உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான், வெட்டும் திறன் போய்விட்டது. இது ஒன்றே புற்றுநோய்க்குப் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பி53 போன்ற, செல்லை அடக்கிவைக்கும் மரபணுக்களும் கைவிட வேண்டும். இதற்கெல்லாம் பெரும்பாலும் பல ஆண்டுகள் பிடிக்கும்.

‘எங்கள் குடும்பத்தில் இருவருக்கு இந்த நோய் வந்தது, அதனால்தான் இவளுக்கு இந்தப் பயமும் ஆர்வமும்’ என்று எழுதியிருந்தீர்கள். ஆன்கோஜீனில் வரும் மாற்றங்கள் பெரும்பாலும் வாழ்நாளில் ஏதோ ஒரு செல்லில் ஏற்படுபவை, பரம்பரையாக வருபவை குறைவு. ரெட் என்ற மரபணு ஒரு விதிவிலக்கு. அதன் பிறழ்வு சில குடும்பங்களில் தைராய்டு புற்றாகத் தலைமுறை தலைமுறையாக வரும். உங்கள் குடும்பம் பற்றி மரபியல் ஆலோசகர்தான் சொல்ல வேண்டும். அதுவே ஒரு வேலை என்பதையும் மகளிடம் சொல்லுங்கள்: மனிதர்களோடு பேசப் பிடிக்கும், ஆனால் ஊசியும் அறுவையும் வேண்டாம் என்பவர்களுக்குப் பொருத்தமானது.

எனக்கு மிகவும் பிடித்ததும், பெற்றோர் யாரும் கேட்காததுமான துறை மூலக்கூறு நோயியல். மார்பகப் புற்றில் ஹெர்2 என்ற ஆன்கோஜீன் சிலருக்கு அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும். திசுத் துண்டில் சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, 0 முதல் 3+ வரை மதிப்பெண் போடுவார்கள். 0, 1+ என்றால் ஹெர்2 பெருகவில்லை என்று கொள்வார்கள். 3+ என்றால் பெருகியிருக்கிறது. 2+ வந்தால்தான் தலைவலி. அப்போது ஒளிரும் புள்ளிகளை வைத்து, ஒவ்வொரு செல்லாக, ஹெர்2-க்கு எத்தனை சிவப்பு, அது இருக்கும் 17-வது குரோமோசோமுக்கு எத்தனை பச்சை என்று எண்ணுவார்கள். ஹெர்2-ஐக் குறிவைத்துத் தாக்கும், 1998-ல் அங்கீகாரம் பெற்ற டிராஸ்டுசுமாப் மருந்து அந்த நோயாளிக்குப் பயன்படுமா என்பது இந்த எண்ணிக்கையில் இருக்கிறது. பொறுமையும் கண்ணும் உள்ள பிள்ளைக்கு இது அருமையான வேலை. அறிக்கையில் கையெழுத்துப் போடும் நோயியல் நிபுணர் ஆக மருத்துவப் பட்டம் வேண்டும். பரிசோதனை செய்பவர் ஆக ஆய்வகத் தொழில்நுட்பமோ மூலக்கூறு உயிரியலோ படித்தால் போதும்.

கணக்கிலும் கம்ப்யூட்டரிலும் அவள் கை ஓடுமானால் உயிர்த்தகவலியல். கட்டியின் டிஎன்ஏவையும் நல்ல செல்லின் டிஎன்ஏவையும் ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும். நோயை ஓட்டுவது எது, சும்மா கூட வந்தது எது என்று பிரிக்க வேண்டும். இதற்கு ஆள் தேவை கூடிக்கொண்டே போகிறது.

அப்புறம் ஆராய்ச்சி. இதில் மழுப்ப மாட்டேன். முனைவர் பட்டத்துக்கு நாலைந்து ஆண்டுகள், அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் தற்காலிக வேலை, நிரந்தரப் பதவிகள் குறைவு. பலன் எப்போது வரும் என்பதும் தெரியாது. ஒருவகை ரத்தப் புற்றில் குட்டையான ஒரு குரோமோசோமை 1960-ல் கண்டார்கள். 9-வது, 22-வது குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதால்தான் அது உண்டாகிறது என்று ஜேனட் ரௌலி 1973-ல் காட்டினார். அதில் பிறக்கும் புரதத்தை அடக்கும் இமாடினிப் மாத்திரை 2001-ல்தான் வந்தது. ரௌலி மருத்துவம் படித்தவர். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு பகுதிநேரமாக வேலை பார்த்தவர். குரோமோசோம் படங்களைக் கத்தரித்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஜோடி சேர்ப்பாராம். ஆன்கோஜீனுக்கு மூலம் நம் சாதாரண மரபணுவே என்று காட்டி 1989-ல் நோபல் வாங்கிய இருவரில் ஹரால்ட் வார்மஸ், ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்துவிட்டு மருத்துவத்துக்கு வந்தவர். முதல் பட்டத்திலேயே தலையெழுத்து முடிந்துவிடும் என்று பயப்படுகிற பெற்றோருக்கு இவரைத்தான் காட்டுவேன்.

டாக்டர் படிப்பை அவள் முழுக்கத் தள்ளவும் வேண்டாம். இடம் கிடைத்து, நோயாளியின் பக்கத்தில் உட்காரவும் மனம் இருந்தால் சேரட்டும். ஆய்வுக்கு அங்கிருந்தும் வழி உண்டு. நோயாளி என்றாலே ஒதுங்குகிறாள் என்றால் வற்புறுத்தாதீர்கள். இந்த விடுமுறையில் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் சில வாரம் கூடமாட நிற்க அனுமதி கேட்டுப் பாருங்கள். செல்களுக்கு ஊட்டநீர் மாற்றி, கிருமி புகுந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவதைப் பார்த்த பிறகும் அவள் முகம் சுருங்கவில்லை என்றால், எந்தப் பட்டம், எந்தக் கல்லூரி என்று உட்கார்ந்து பேசலாம். அப்போது வரும்போது அவளுடைய கணித மதிப்பெண்ணையும் எடுத்து வாருங்கள்.