டெக்கார்ட் மனிதனா, ரெப்ளிகண்டா?

கேள்வி: நானும் என் ரூம்மேட்டும் போன வாரம் 'பிளேடு ரன்னர்' பார்த்தோம். ரெப்ளிகண்ட்களை, அதாவது மனிதனைப் போலவே செயற்கையாகச் செய்யப்பட்டவர்களை, வேட்டையாடும் டெக்கார்டே ஒரு ரெப்ளிகண்ட்தான் என்கிறாள் அவள். எனக்கு அவன் மனிதனாகத்தான் படுகிறான். விடிய விடியப் பேசியும் தீரவில்லை. யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: இந்த வாதம் படத்தை எடுத்தவர்களுக்குள்ளேயே உண்டு. இயக்குநர் ரிட்லி ஸ்காட், டெக்கார்ட் ரெப்ளிகண்ட்தான் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். அந்த வேடத்தில் நடித்த ஹாரிசன் ஃபோர்டோ, படப்பிடிப்புக் காலத்தில் அவன் மனிதனாகத்தான் இருக்க வேண்டும் என்று அவரிடம் மல்லுக்கு நின்றார்.

நீங்கள் பார்த்தது எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். கடைசியில் வீட்டு வாசலில் கிடக்கும் காகிதக் குதிரையை, அந்த ஒற்றைக் கொம்புக் குதிரையை, டெக்கார்ட் குனிந்து எடுப்பான் இல்லையா? 1982-ல் தியேட்டருக்கு வந்த படத்திலும் அது உண்டு. அங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான்: போலீஸ்காரன் காஃப் வந்திருக்கிறான், டெக்கார்ட் காதலிக்கும் ரெப்ளிகண்ட் பெண் ரேச்சலைக் கொல்லாமல் விட்டுப் போயிருக்கிறான். 1992-ல் வந்த டைரக்டர்ஸ் கட்டில், பியானோ முன் உட்கார்ந்திருக்கும் டெக்கார்டின் மனதில் அப்படியொரு குதிரை காட்டுக்குள் ஓடி வருகிறது. சில விநாடிகள்தான். ஆனால் அதற்குப் பிறகு அதே காகிதக் குதிரை, 'என் மனதில் வந்தது காஃபுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்க வைத்துவிடுகிறது. ரேச்சல் யாரிடமும் சொல்லாத சிலந்தி நினைவை டெக்கார்ட் அவளிடமே எடுத்துச் சொல்வான்; அது அவளுக்குள் வைக்கப்பட்ட நினைவு என்பதற்கு அதுவே அத்தாட்சி. அதே கதி இப்போது அவனுக்கு. உங்கள் தோழி பிடித்திருப்பது வலுவான துப்பு.

என் நண்பன் ஒருவனும் அவர் கட்சி. போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன், அதனால் அவன் கண் போனது பியானோ மேல் இருக்கும் பழைய போட்டோக்கள் மீது. லியோன், ரேச்சல் என்று இந்தப் படத்தில் போட்டோவை விடாமல் பிடித்துக்கொள்பவர்கள் ரெப்ளிகண்ட்கள். டெக்கார்ட் வீட்டில் மட்டும் ஏன் இத்தனை என்று கேட்டான். நான் அதைக் கவனித்ததே இல்லை. இப்போது எப்போது பார்த்தாலும் கண் அங்கேதான் போகிறது.

இருந்தாலும் நான் உங்கள் பக்கம்தான். காரணம், மொட்டை மாடிக் காட்சி. டெக்கார்ட் வேட்டையாடும் ரெப்ளிகண்ட்களின் தலைவன் ராய் பேட்டி; அவனுக்கு ஆயுள் நான்கே வருடம், அதுவும் முடிகிற நேரம். மரத்துப்போகும் கையில் ஆணியைக் குத்திக்கொண்டு ஓடி வருகிறான். தன் கூட்டாளிகளைக் கொன்றவன் மழையில் இரும்புச் சட்டத்தைப் பிடித்துத் தொங்குகிறான், பிடி நழுவுகிறது. அந்த நொடியில் ராய் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் காப்பாற்றுகிறான். தன்னைச் செய்து, அடிமையாக விற்று, வேட்டையும் ஆடுகிற மனித இனத்தில் ஒருவனுக்கு அவன் உயிர்ப்பிச்சை கொடுக்கிறான். டெக்கார்டும் ரெப்ளிகண்ட் என்றால் இது தன் இனத்தானைக் காப்பாற்றுவதாகச் சுருங்கிவிடும். எனக்கு அதற்கு மனம் வரவில்லை. பிலிப் கே. டிக்கின் மூல நாவலிலும் டெக்கார்ட் மனிதன்தான். படம் நாவலுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்பதால் அதை நான் பெரிய சாட்சியாகச் சொல்ல மாட்டேன்.

உங்கள் தோழியிடம் இந்தக் காட்சியைப் பற்றிக் கேளுங்கள். அவரிடம் இதற்கு நல்ல பதில் இருந்தால் எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: இந்தப் படத்தை முதல்முறை பார்ப்பவர் எந்தப் பதிப்பைப் பார்க்கலாம்?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: 2007-ல் வந்த ஃபைனல் கட். 1982 பதிப்பில் டெக்கார்டின் குரல் கதையை விளக்கிக்கொண்டே வரும்; முடிவில் ஒட்டவைத்த சுபம் வேறு. அந்த முடிவில் வரும் மலைக்காட்சிகள் ஸ்டான்லி குப்ரிக் 'தி ஷைனிங்' படத்துக்காக எடுத்து மிச்சம் வைத்திருந்தவை. 1982 பதிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.